பழைய ஆபீஸ் கணினியில் ஆர்டிஎக்ஸ் 4060 போடலாமா?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பினாங்கில் வேலை செய்கிறீர்கள். அம்மாவும் தம்பியும் தோட்டத்து லயத்தை விட்டு வந்து சுங்கை சிப்புட்டில் தாமான் வீட்டில் இருக்கிறார்கள். தம்பியிடம் ஏதோ ஒரு அலுவலகம் கழித்துவிட்ட டெல் ஆப்டிப்ளெக்ஸ் 7050 டவர். உள்ளே ஐ5-7500 பிராசசர், ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ரேம், யாரோ போட்டுக் கொடுத்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற கிராஃபிக்ஸ் கார்டு. எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடிந்ததும் புது கார்டு வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். அவன் கேட்பது ஆர்டிஎக்ஸ் 4060. ஓட வேண்டியது பிளாக் மித்: வூகோங் என்ற கேம். ஊர்க் கடைக்காரர் "கார்டை மட்டும் மாத்துங்க, ஓடும்" என்கிறார். ஈப்போ கடைக்காரர் "செட்டையே மாத்தணும்" என்கிறார். கையில் 1,500 வெள்ளி (ரிங்கிட்). உங்கள் கேள்விக்கு எந்தக் கார்டு நல்லது என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கேட்க வந்தது இரண்டு பேரில் யார் நம்மை ஏமாற்றுகிறார், மிச்சம் பிடித்த காசு வீணாகுமா என்பதுதான்.

நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். பதினெட்டு வருடமாகக் கணினி பழுது பார்க்கிறேன். கார்டு விற்பதில்லை, நீங்கள் சொல்லும் இரண்டு கடையும் என்னுடையது இல்லை. என் கணிப்பில் இருவருமே பொய் சொல்லவில்லை. ஊர்க்காரர் சொல்வது கார்டு ஸ்லாட்டில் உட்காரும் என்கிற வரைக்கும் சரி. ஈப்போக்காரர் சொல்வது 4060 தான் வேண்டும் என்று தம்பி பிடிவாதமாக நின்றால் சரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதற்கு முன் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

முதலில் பவர் சப்ளை. அந்த மாடல் டவரில் வருவது 240 வாட். மூடியைத் திறந்தால் பின்பக்க மூலையில் வெள்ளி நிறப் பெட்டி, அதன் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். இப்போது கணக்குப் போடுங்கள்: ஐ5-7500 க்கு 65 வாட், 4060 க்கு 115 வாட், மதர்போர்டு, டிஸ்க், காற்றாடிக்கெல்லாம் ஒரு நாற்பது. மொத்தம் 220. அட, இருபது வாட் மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். கால்குலேட்டரைத் தட்டிவிட்டு "ஓடும்" என்று சொல்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். கார்டு எப்போதும் ஒரே சீராக 115 வாட் இழுப்பதில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் அதற்கு மேல் ஏறி இறங்கும். பழைய பவர் சப்ளை அந்த உதையைத் தாங்காமல் கணினியை அணைத்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் கம்பி. மதர்போர்டில் இருக்கும் நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தன் வழியாகக் கொடுக்கக்கூடியது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் தின்னும் கார்டுக்கெல்லாம் பவர் சப்ளையிலிருந்து நேராகத் தனிக் கம்பி வர வேண்டும்: 6 பின் என்றால் இன்னொரு 75 வாட், 8 பின் என்றால் 150 வாட். 4060 பெரும்பாலும் 8 பின் கேட்கும். உங்கள் டெல் பெட்டியில் அந்தக் கம்பியே கிடையாது. சரி, பவர் சப்ளையை மாற்றலாம் என்றால், அந்த மதர்போர்டு சாதாரண 24 பின் சாக்கெட் வைத்தது இல்லை. டெல் தனக்கென்று வைத்துக்கொண்ட சின்ன சாக்கெட். மாற்றுக் கம்பி ஆன்லைனில் கிடைக்கிறது, நானும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் பெட்டியின் அளவும் திருகுத் துளையும் ஒத்துவராமல் உள்ளே கோணலாக உட்கார வைத்துவிட்டுப் போகிற வேலை அது. என் வீட்டுக் கணினிக்கு அப்படிச் செய்ய மாட்டேன்.

இந்த இடத்தில் ஒரு குறுக்கு வழியை யாராவது சொல்வார்கள். டிஸ்க்குக்குப் போகிற சாட்டா கம்பியை 8 பின் ஆக மாற்றும் ஒரு சின்ன வயர், பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கூடக் கிடைக்கிற விலை. தயவுசெய்து வேண்டாம். சாட்டா முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று ஊசி, ஒவ்வொன்றும் ஒன்றரை ஆம்பியர். மொத்தம் 54 வாட். 150 வாட் கேட்கும் உரிமை உள்ள கார்டை 54 வாட் முனையில் மாட்டுவது, குழந்தை சைக்கிளில் செம்பனைக் குலை ஏற்றுவது மாதிரி. ஒரு முறை நானே மாட்டினேன். பக்கத்துத் தோட்டத்துப் பையன், கெஞ்சினான், "ரெண்டு நாள்தான் அங்கள், அப்புறம் நல்லது வாங்கிடுவேன்" என்றான். மூன்றாம் நாள் இரவு அவன் அப்பா மோட்டாரில் சிபியு பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். முனையின் பிளாஸ்டிக் உருகிக் கம்பியோடு ஒட்டிப்போயிருந்தது. மூடியைத் திறந்ததும் எரிந்த மீன் வாடை. கார்டு பிழைத்தது, டிஸ்க் போனது. அதில் அவன் அக்கா கல்யாணப் படங்கள் இருந்தன. பணம் வாங்காமல் வேறு டிஸ்க் போட்டுக் கொடுத்தேன். படங்களை மீட்க முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த வயரைக் கையால் தொடுவதில்லை.

அடுத்தது பிராசசர். பிளாக் மித் தயாரித்தவர்கள் குறைந்தபட்சத் தேவையாக அறிவித்தது ஐ5-8400, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கார்டு, 130 ஜிபி இடம். உங்கள் தம்பியிடம் இருப்பது இதில் முதல் மூன்றிலும் குறைவு. கார்டு குறைவு என்பது மட்டும்தான் அவன் கண்ணில் படுகிறது. ஐ5-7500 க்கு நான்கு கோர் (வேலை செய்யும் மூளை), நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை); 8400 க்கு ஆறு கோர். 4060 ஐக் கொண்டுவந்து இதில் மாட்டினால், கார்டு தன் வேலையை முடித்துவிட்டுப் பிராசசருக்காகக் காத்துக் கிடக்கும். கேம் ஓடும், ஆனால் புது இடத்துக்குப் போகும்போதும் கூட்டமாக எதிரிகள் வரும்போதும் வெட்டி வெட்டி நிற்கும். பையன் "கார்டு பழுது" என்று அழுவான்.

இதைக் காசு செலவழிக்காமல் வீட்டிலேயே சோதிக்கலாம், செய்யச் சொல்லுங்கள். இப்போது விளையாடுகிற கேமில் ஃபிரேம் எண்ணை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) திரையில் காட்ட வைத்து, 1920 × 1080 இல் ஐந்து நிமிடம் ஆடட்டும். பிறகு 1280 × 720 க்கு இறக்கி அதே இடத்தில் ஆடட்டும். எண் நன்றாக ஏறினால் கார்டுதான் தடை. புது கார்டு பலன் தரும். எண் அசையவே இல்லை என்றால் பிராசசர் தடை. அந்த கேமுக்கு எந்தக் கார்டு போட்டாலும் அவ்வளவுதான். வேலரண்ட் மாதிரி கேம்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். பிளாக் மித்துக்கென்று கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் இலவச பெஞ்ச்மார்க் டூல், அதாவது வேகம் அளக்கும் நிரல், இருக்கிறது. கேமை வாங்காமலே அதை இறக்கி இந்தக் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். அதில் சண்டைக் காட்சி கிடையாது, கேமரா மட்டும் காட்டுக்குள் பறந்து போகும். அதனால் நிஜ கேமில் எண் கொஞ்சம் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோதிக்கும் முன் ஒரு சின்ன விஷயம்: மானிட்டர் கம்பி கார்டில்தான் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள். வருடத்துக்கு நாலைந்து பேராவது "கார்டு போட்டும் வித்தியாசமே இல்லை" என்று சிபியுவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கம்பியை மதர்போர்டின் சாக்கெட்டில் செருகியிருப்பார்கள். கார்டு உள்ளே சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். நான் கம்பியை ஒரு சாண் கீழே மாற்றிவிட்டு, டீ குடிக்கக் கூப்பிடுவேன்.

இப்போது நடுவழி. இந்தப் பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, பவர் சப்ளையைத் தொடாமல் போடக்கூடிய புதுக் கார்டுகளில் எனக்கு நம்பிக்கையானது ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. 2024 பிப்ரவரியில் வந்தது, 70 வாட், தனிக் கம்பி வேண்டாம், ஸ்லாட் கொடுக்கும் மின்சாரமே போதும். இப்போது இருக்கும் 1050 டிஐயை விட ஒன்றரை மடங்குக்கு மேல் வேகம். டிஎல்எஸ்எஸ் வசதியும் உண்டு. அதாவது படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வித்தை, பலவீனமான கார்டுக்கு அது பெரிய ஊன்றுகோல். ஆனால் வாங்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. 3050 என்ற பெயரிலேயே 2022 இல் வந்த 8 ஜிபி கார்டும் உண்டு. அது 130 வாட் தின்னும், தனிக் கம்பி கேட்கும். கடையில் "8 ஜிபி பெட்டர், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்" என்று நீட்டுவார்கள். வெறுங்கார்டாகப் பார்த்தால் அவர் சொல்வது உண்மை. உங்கள் பெட்டிக்கு அது உதவாது. கார்டின் மேல் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். கம்பி செருகும் கறுப்புக் குழி இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆர்எக்ஸ் 6400 ஐயும் சிலர் சொல்வார்கள். 53 வாட், குளுமையான கார்டு. ஆனால் 4 ஜிபி மட்டும், அதோடு மதர்போர்டுடன் நான்கே பாதையில் பேசும். புது மதர்போர்டில் அது பரவாயில்லை. தம்பியுடையது பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0, பாதையின் வேகம் பாதிதான், அதனால் கார்டு தன் முழு பலத்தைக் காட்டாது. இன்டெல் ஆர்க் கார்டுகள் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத பழைய பலகையில் (மதர்போர்டில்) தள்ளாடும். அவற்றை விட்டுவிடுங்கள்.

கார்டுக்கு முன்னால் ரேம். இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக் போட்டால் 16 ஆகும், அதைவிட முக்கியம் இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து இரட்டைப் பாதையில் ஓடும். ஒற்றை ஸ்டிக்கில் மூச்சுத் திணறும் நாலு கோர் பிராசசருக்கு இது நன்றாகவே தெரியும். பிராசசரையும் மாற்ற ஆசையென்றால் இதே பலகையில் ஐ7-7700 உட்காரும். நான்கு கோர்தான், ஆனால் எட்டு த்ரெட். பயன்படுத்தியது மலிவாகக் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். எட்டாம் தலைமுறை பிராசசரும் பார்வைக்கு அதே சாக்கெட்டில் பொருந்தும், ஆனால் இந்தப் பலகையில் உயிர் வராது. "ஒரே சாக்கெட்தான் அண்ணே" என்று வாங்கிக்கொண்டு வந்து ஏமாந்தவர்கள் உண்டு.

ரேமும் 3050 6 ஜிபியும் போட்ட பிறகு பிளாக் மித் எப்படி ஓடும்? படத் தரத்தைக் கீழே இறக்கி, டிஎல்எஸ்எஸ் போட்டு, 30 ஃபிரேமுக்கு மேல் ஆடலாம் என்ற அளவுக்கு நான் துணிந்து சொல்வேன். பிராசசர் குறைந்தபட்சத்துக்குக் கீழே இருப்பதால் இடையிடையே வெட்டும். எவ்வளவு வெட்டும் என்பது அவன் பொறுமையைப் பொறுத்தது. 60 கேட்டால் இந்தப் பெட்டியில் இல்லை. இன்னொன்றும் அவனுக்குச் சொல்லிவிடுங்கள்: ரே டிரேசிங் (ஒளி போகும் வழியைக் கணக்கிட்டுப் படம் வரைவது) வன்பொருள் இல்லாத கார்டில் திறக்கவே திறக்காத கேம்கள் வரத் தொடங்கிவிட்டன. இந்தியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் அப்படி. 3050 இல் அந்த வன்பொருள் உண்டு, ஆனால் அந்த இரண்டும் 8 ஜிபி கார்டைக் குறைந்தபட்சமாகக் கேட்கின்றன. அதனால் "இனி வரும் எல்லாம் ஓடும்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயம், கார்டு வைத்துத் தோண்டும் (கணக்குப் போட்டு நாணயம் சம்பாதிக்கும்) முறையை விட்டது. அதோடு ஆயிரக்கணக்கான கார்டுகள் சந்தைக்கு வந்தன, இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. தோண்டிய கார்டு என்றாலே குப்பை என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. சீரான வெப்பத்தில் ஓடிய கார்டு, நாளுக்குப் பத்து முறை சூடாகி ஆறிய கார்டைவிட நன்றாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். காற்றாடிதான் முதலில் போகும். எனக்குப் பயம் போலிகளைப் பற்றி. பழைய கார்டின் பயாஸை (உள்ளே பதிந்திருக்கும் நிரலை) மாற்றி 1050 டிஐ என்று காட்ட வைத்து விற்கிறார்கள். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் 2048எஸ்பி என்று வால் ஒட்டிய கார்டு வரும். அது உண்மையில் 570 இன் கணக்கு. ஜிபியு-இசட் என்ற இலவச நிரலைத் திறந்தால் போலிக்குப் பெரும்பாலும் எச்சரிக்கை காட்டும். விற்கிறவர் வீட்டிலேயே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். "டைம் இல்ல" என்றால் பேக்கை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். 1050 டிஐ, 1060 மாதிரிப் பழைய கார்டை இனிமேல் வாங்கவே வேண்டாம். அந்தத் தலைமுறைக்கு கார்டைத் தயாரிக்கும் என்விடியா கேம் டிரைவர் (கார்டை இயக்கும் நிரல்) கொடுப்பதை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும்.

அதே 2025 அக்டோபரில், 14 ஆம் தேதி, விண்டோஸ் 10 க்கான இலவச ஆதரவும் பொதுவாக முடிந்தது. ஐ5-7500 ஐ விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை, எட்டாம் தலைமுறையிலிருந்துதான். குறுக்கு வழியில் ஏற்றலாம், ஏற்றியும் கொடுக்கிறார்கள். ஆனால் வேலரண்டின் ஏமாற்றுத் தடுப்பு நிரல் விண்டோஸ் 11 இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதியையும் கேட்கும். அதைச் சரிசெய்யாமல் விண்டோஸை மாற்றிவிட்டு "கேம் திறக்கல" என்று உட்கார வேண்டாம்.

ஆக, தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இப்போதே வேண்டுமா, ஆறேழு மாதம் பொறுப்பாயா? இப்போதே என்றால் ரேமும் 3050 6 ஜிபியும். மிச்சக் காசை அம்மா கையில் கொடுத்து வையுங்கள். பொறுப்பேன் என்றால் 1,500 வெள்ளியையும் கார்டில் கொட்டாமல், புதுப் பெட்டி ஒன்றுக்காக முதலில் நல்ல பவர் சப்ளை, 550 வாட் போதும், பிறகு ஆறு கோர் பிராசசரும் அதற்குரிய பலகையும், ரைசன் 5 5600 மாதிரி, கார்டு கடைசி. டெல்லில் போடும் ரேமும் கார்டும் அந்தப் புதுப் பெட்டிக்கும் போகும் என்பதால் முதல் வழியில் போனாலும் பெரிய நஷ்டம் இல்லை. என் தம்பியாக இருந்தால் பொறு என்றுதான் சொல்வேன். ஆனால் எஸ்.பி.எம். எழுதி முடித்த பையனிடம் பொறு என்று சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு எடுபடும் என்று. பவர் சப்ளை வாங்கும்போது கையில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 500 வாட் என்று ஒட்டிவிட்டுக் காய்ந்த தேங்காய் மட்டை மாதிரி லேசாக இருந்தால் உள்ளே ஒன்றும் இல்லை.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வரும், இடி விழும். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்க வேண்டும், ரௌட்டரிலிருந்து வரும் கம்பியையும் சேர்த்து. மழைக்காலத்தில் என் மேசைக்கு வரும் கணினிகளில் பாதி இடியின் கைவேலை. மீதியில் கொஞ்சம் எறும்பு: பவர் சப்ளைக்குள் முட்டை வைக்கும், பல்லி உள்ளே போய்ச் சாகும். சிபியுவைத் தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூலில் வைத்தாலே பாதி குறையும். அறை தகரக் கூரைக்குக் கீழே என்றால் கார்டு 75, 80 டிகிரி காட்டும். அது சகஜம், பயப்பட வேண்டாம்.

நான் இன்னும் பெட்டியைக் கண்ணால் பார்க்கவில்லை. யாராவது முன்பே பவர் சப்ளையை மாற்றியிருந்தால் மேலே சொன்னதில் பாதி மாறும். தம்பியை மூடியைத் திறந்து மூன்று படம் எடுக்கச் சொல்லுங்கள்: பவர் சப்ளை ஸ்டிக்கர், கார்டு உட்கார்ந்திருக்கும் இடம், மானிட்டரின் பின்பக்கச் சாக்கெட். மானிட்டரில் விஜிஏ என்ற பழைய வகைச் சாக்கெட் மட்டும்தான் என்றால் புதுக் கார்டிலிருந்து அதற்கு நேராகக் கம்பி போகாது, கன்வெர்ட்டர் வேண்டும். பழைய கார்டைக் கழற்றும்போது மட்டும் அவசரப்பட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அமுக்கி, பிறகு ஸ்லாட்டின் உள்முனையில் நகம் அளவு ஒரு பிளாஸ்டிக் கொக்கி இருக்கும், கார்டு மறைத்திருப்பதால் டார்ச் அடித்தால்தான் தெரியும். அதைப் பென்சிலால் கீழே அமுக்கிக்கொண்டு கார்டை நேராக மேலே தூக்க வேண்டும். கொக்கி உடைந்தாலும் ஸ்லாட் வேலை செய்யும். ஸ்லாட் பெயர்ந்து வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.